கூரை நீரும் குழாய் வாயும்



மழையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மேகத்தைப் பற்றிப் பேசுவர். அல்லது ஆற்றையும் ஏரியையும் பற்றிப் பேசுவர். மேகத்திற்கும் ஏரிக்கும் இடையே மழைநீர் கடந்து செல்லும் சிறியதொரு வழியைப் பற்றி இன்று நான் பேச விரும்புகிறேன். அவ்வழி நம் தலைக்கு நேர் மேலே இருக்கிறது. கடைத்தெருவிலுள்ள மாடிக் கட்டடம், பல குடும்பங்கள் கூடி வாழும் அடுக்குமாடி, பள்ளிக்கூடம், தங்கும் விடுதி ஆகியவற்றின் மொட்டை மாடியில் விழும் நீர், கைப்பிடிச் சுவரின் அடியிலுள்ள ஒரு துளையின் வழியே குழாயில் இறங்கித் தரைக்கு வருகிறது. அந்தத் துளை ஒரு சாண் அகலங்கூட இராது. கட்டடத்தின் ஆயுள் அதனை நம்பியிருக்கிறது என்று நான் சொன்னால், இஃது என்ன மிகைக் கூற்று என்று உங்களுக்குத் தோன்றும். ஆகவே முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால், அந்நீர் சரியாக 1 லிட்டர் ஆகும். அதன் எடை 1 கிலோகிராம். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவையெல்லாம் மனக்கணக்கே. 20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடைய மொட்டை மாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுத்தரமான ஒரு கடைக் கட்டடத்தின் அளவு அது. பரப்பு 300 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் அம்மாடியில் 15,000 லிட்டர் நீர் விழும். அது வடியாமல் நிற்குமாயின், 15 டன் எடை கூரைமேல் ஏறி அமர்ந்துவிட்டது என்று பொருள். நீர் 10 சென்டிமீட்டர் உயரம் நின்றால் 30 டன். வளர்ந்த யானைகள் ஏழினைக் கூரைமேல் நிறுத்துவதற்கு ஒப்பாகும். யானையை ஏற்ற யாரும் சம்மதியார். நீரையோ கேளாமலே ஏற்றிக்கொள்கிறோம்!

நம் நாட்டு மழை சிறு தூறலும் அன்று. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்திற்குள் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2023 டிசம்பர் 18-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். நாம் சொன்ன அந்த 300 சதுர மீட்டர் மாடி காயல்பட்டினத்தில் இருந்திருந்தால், ஒரே நாளில் 2,85,000 லிட்டர் நீர் அதன் குழாய்களின் வழியே இறங்கியிருக்க வேண்டும்.

கட்டடம் வரைவோர் கூரைக்கு எவ்வளவு பாரத்தைத் தாங்கும் வலிமை வைக்கிறார்கள்? கட்டடத்தின் சொந்த எடை நீங்கலாக, மக்கள் ஏறி நடமாடும் கூரைக்குச் சதுர மீட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 150 கிலோகிராம் என்று இந்தியத் தர நிர்ணய விதி கூறுகிறது. அந்தப் பாரத்தை நீரின் உயரமாக மாற்றிப் பாருங்கள்: 15 சென்டிமீட்டர். கைப்பிடிச் சுவரின் உயரமோ அதைப்போல ஆறு மடங்கு. குழாய் வாய் அடைபட்ட மொட்டை மாடி, நாற்புறமும் சுவர் எழுப்பிய ஒரு தொட்டியே. ஆனால் தொட்டியாகப் பணியாற்றும்படி அதனை எவரும் கட்டவில்லை. நல்ல கட்டடங்களில் ஓரளவு மிகை வலிமை உண்டு. எனவே 15 சென்டிமீட்டர் நின்றவுடன் கூரை விழுந்துவிடும் என்பதன்று. ஆயினும், நீரின் பாரத்திற்கு வேறு பாரங்களுக்கு இல்லாத ஒரு குணம் உண்டு. கூரை சிறிதே தொய்ந்தால் நீர் அந்தத் தொய்வை நாடி ஓடும். ஓடிச் சேர்ந்த நீர் மேலும் தொய்யச் செய்யும். மேலும் தொய்ந்த இடத்திற்கு மேலும் நீர் வரும். இரும்புச் சட்டங்களின்மேல் பரந்து கிடக்கும் பெரிய கூரைகளில் இவ்வாபத்து மிகுதி.

அமெரிக்க நாட்டில் கான்சாஸ் நகரத்திலிருந்த கெம்பர் அரங்கம் இதற்கு ஒரு சான்று. 1976-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் பாராட்டைப் பெற்ற கட்டடம் அது. நகரத்துச் சாக்கடைகள் ஒரே நேரத்தில் நிரம்பி வழியாதிருக்கும் பொருட்டு, மழைநீரைக் கூரையிலேயே சிறிது நேரம் நிறுத்தி மெல்ல விடுவது என்ற எண்ணத்தோடு அதன் வடிகால்களை அமைத்திருந்தனர். 1979 ஜூன் 4-ஆம் நாள் மாலை, பெருமழையும் காற்றும் சேர்ந்து அடித்தபோது கூரையின் பெரும்பகுதி உள்ளே விழுந்தது. கூரையைத் தாங்கிய இரும்பு மரைகள் நாள்பட்டுத் தளர்ந்திருந்தமையும் ஆராய்ச்சியில் தெரியவந்தது. அப்போது அங்கே நிகழ்ச்சி ஏதுமில்லை, உயிர்ச்சேதமும் இல்லை.

நம் ஊர்களில் நீர் இவ்வாறு ஒரே நாளில் கூரையை வீழ்த்துவது அரிது. அது மெல்ல மெல்ல வேலை செய்கிறது. தேங்கிய நீர் தட்டோட்டின் இடுக்கு வழியே கசிந்து கற்காரையினுள் நுழைகிறது. உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது. இரும்பைவிடத் துரு இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பது வேதியியல் படிக்கும் மாணவர்க்குத் தெரியும். இடம் போதாத துரு, தன்னை மூடியிருக்கும் காரையை நெம்பித் தள்ளுகிறது. ஒருநாள் கீழ்த்தளத்துக் கடையில் துணி மடித்துக்கொண்டிருப்பவர்மேல் கையகலக் காரை பெயர்ந்து விழுகிறது. ‘காரை விழுந்துவிட்டது’ என்கிறோம். அதை விழச் செய்த நீர் பத்தாண்டுகளுக்கு முன்னர் மாடி மூலையில் தேங்கிய நீராக இருக்கலாம்.

இனிக் குழாயைப் பார்ப்போம். மழைக்குழாய் நீரால் நிரம்பி ஓடுகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. செங்குத்தான குழாயில் நீர் சுவரை ஒட்டி வளையமாக இறங்குகிறது. நடுவே காற்று இருக்கிறது. இறங்கும் நீர் ஓரிரு மாடி உயரத்திற்குள் தன் முழு வேகத்தையும் அடைந்துவிடும். அதன் பிறகு குழாய்ச் சுவரின் உராய்வு அதனை மேலும் விரைய விடாது. குழாயின் உள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு நீர் சென்றாலே அது நன்கு பணியாற்றுவதாகக் கொள்ளலாம். அப்படியானால் எவ்வளவு நீர் இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது எது? குழாயின் வாய். வாய்க்கு வந்து சேரும் நீரின் உயரமும், வாயின் சுற்றளவும், அங்கே தடை இருக்கிறதா என்பதுமே கணக்கு. வாயில் பொருத்திய கம்பி வலையின்மேல் நான்கு மாவிலைகள் படிந்துவிட்டால், கீழே எவ்வளவு பெரிய குழாய் இருந்தும் பயனில்லை.

எத்தனை குழாய்கள் வேண்டும்? 100 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குழாய் ஒன்று, மணிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் பெய்யும் மழையில், 40 சதுர மீட்டருக்குச் சற்று மேற்பட்ட கூரைப் பரப்பையே கவனித்துக்கொள்ளும் என்று தர நிர்ணய அட்டவணை சொல்கிறது. நம் 300 சதுர மீட்டர் மாடிக்கு ஏழு குழாய்கள் வேண்டும் என்றாகிறது. நான் ஏறிப் பார்த்த இத்தகைய கடைக் கட்டடங்களில் பெரும்பாலும் இரண்டு, மிஞ்சினால் மூன்று. முகப்பின் அழகு கெடுமென்று குழாயைக் குறைத்தவர்களும் உண்டு. அந்த முகப்பிலேயே பிற்பாடு பாசிக் கறை நீளமாக வழிந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

குழாய்க்கு நீரைக் கொண்டு சேர்ப்பது சரிவு. நம் கொத்தனார்கள் இதனை ‘வாட்டம்’ என்பர். அருமையான சொல். ‘வாட்டம் பார்த்துப் போடு’ என்று மூத்த கொத்தனார் சொன்னால், நீர் எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள் என்று பொருள். நூறு அடிக்கு ஓரடிக்குக் குறையாமல் வாட்டம் வேண்டும். சற்றுக் கூடுதலாகவே இருத்தல் நலம். பழைய சென்னைத் தளங்களில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து இடித்து, வாட்டம் கொடுத்து, மேலே தட்டோடு பதித்தனர். அவ்வாறு பதித்த தளத்தை யாரும் வெட்டிக் குடையாதவரை அது நெடுங்காலம் உழைத்தது. பின்னர் வந்தவர்கள் அதன்மேல் தண்ணீர்த் தொட்டிக்கு மேடை கட்டினர். விளம்பரப் பலகைக்குக் கால் நட்டனர். குளிர்சாதனப் பெட்டிகளை வரிசையாக வைத்தனர். ஒவ்வொன்றும் நீரின் வழியில் ஓர் அணை. வாட்டம் அப்படியேதான் இருக்கிறது. நீர்தான் போக வழியில்லாமல் நிற்கிறது.

குழாய் வாயை அடைப்பவை எவை என்று ஒரு பட்டியல் எழுதினால் அது நம் ஆண்டுத் திருநாட்களின் பட்டியலாகவே அமையும். மாசி பங்குனியில் வேம்பு இலை உதிர்க்கிறது. சித்திரையில் காய வைத்த வடாம் துணியின் கிழிசல். ஆடிக் காற்று தெருப்புழுதியையெல்லாம் மாடிக்கு ஏற்றிவிடுகிறது. இவை யாவும் மூலையில் அடங்கிக் கிடக்கும்போது தீபாவளி வருகிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் நாள் அக்டோபர் 20-ஐ ஒட்டியது. தீபாவளியும் அதற்கு முன்னும் பின்னுமாகவே அமைகிறது. மாடியில் வெடித்த பட்டாசின் சிவந்த காகிதத் துண்டுகள் முதல் மழையில் ஊறிக் கூழாகின்றன. காகிதக் கூழைப்போலக் கம்பி வலையை இறுக மூடுவது வேறொன்றுமில்லை. பட்டாசு வெடிக்கவேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மறுநாள் காலையில் துடைப்பத்தோடு மாடி ஏறுவதும் தீபாவளியின் ஒரு பகுதியாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டத் தலைநகரின் கடைத்தெருவிலுள்ள மூன்று மாடிக் கட்டடத்தைப் பார்த்து வரும்படி என்னை அழைத்தார்கள். கீழே துணிக்கடை; நடுவே மருந்துக் கிடங்கு; மேல் மாடியில் தட்டச்சுப் பயிலகம். துணிக்கடையின் பின்சுவரில் நீர் ஊறி, புடைவைக் கட்டுகள் நனைந்துவிட்டன. மேலே கழிவறைக் குழாய் உடைந்திருக்கவேண்டும் என்பது கடைக்காரரின் கட்சி. தம் தளம் காய்ந்தே கிடக்கிறது என்பது மருந்துக் கிடங்காரின் கட்சி. இருவரும் ஆறு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. நான் நேரே மொட்டை மாடிக்குப் போனேன். மூன்று நாட்களுக்கு முன் பெய்த மழை, பின்மூலையில் கணுக்கால் அளவு நின்றது. நீருக்குள் கையை விட்டுக் குழாய் வாயைத் தடவினேன். ஒரு ரப்பர்ப் பந்து, இரண்டு பால் உறை, அவற்றைச் சுற்றி வேப்பிலைச் சேறு. எடுத்தவுடன் நீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. இறங்கிய நீர் தெருவுக்கு வரவில்லை. துணிக்கடைச் சுவரிலிருந்து பீறிட்டது!

காரணம் இதுதான். குழாயின் அடிமுழங்கையிலும் மண் அடைத்திருந்தது. மேலேயிருந்து வந்த நீர் வெளியேற முடியாமல் குழாயை நிரப்பியது. 10 மீட்டர் உயரத்து நீர், அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 1 கிலோகிராம் அழுத்தம் தரும். மழைக்குழாய் அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டதன்று. அதன் இணைப்புகள் ரப்பர் வளையத்தால் மட்டுமே பிடித்திருக்கும். சுவருக்குள் புதைத்த குழாயின் இணைப்பு ஒன்று வாய் திறந்துகொண்டது. குழாய் சுவருக்கு வெளியே இருந்திருந்தால் அதே நாளில் யாவரும் கண்டிருப்பர். மறைத்து வைத்த குழாய் மறைவாகவே கெடுகிறது.

அந்தக் கட்டடத்தில் மூவருள் எவரும் தீயவர் அல்லர், சோம்பேறிகளும் அல்லர். தத்தம் கடையை நாள்தோறும் கண்ணாடிபோல் துடைத்து வைப்பவர்கள். மாடி பொது, ஆகையால் அங்கே ஏறுவது யார் பொறுப்பு என்பது மட்டும் எவருக்கும் தெரியவில்லை. தமிழ்நாட்டில் 1994-இல் இயற்றப்பட்ட அடுக்குமாடி உடைமைச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டமும் கூரையைப் பொதுப் பகுதியாகவே கொள்கின்றன. சட்டம் அதுவரைதான் வரும். துடைப்பம் எடுப்பவர் பெயரை அது எழுதாது.

நம் முன்னோர் இவ்விடத்தில் சற்றுத் தெளிவாக இருந்தனர் என்று தோன்றுகிறது. உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ஏரியைக் காக்க ‘ஏரிவாரியம்’ என்றொரு குழு இருந்ததைக் கூறுகிறது. குடவோலையிட்டு ஆட்களைத் தேர்ந்தார்கள். 360 நாட்கள் பொறுப்பு. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர இயலாது. ஏரியின் தூம்பும் எல்லார்க்கும் பொதுவே; ஆனால் அதைப் பார்ப்பவர் இன்னார் என்று ஊருக்குத் தெரியும். பன்னிரண்டு வீடுகளுள்ள அடுக்குமாடியில், மாதம் ஒரு வீட்டார் என்று எழுதி மாடிப்படிக் கதவில் ஒட்டுவதற்குக் கல்வெட்டுக்கூட வேண்டியதில்லை.

ஒத்திப்போடுவதன் விலை சில வேளைகளில் மிகக் கொடிது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்து சர்ப்சைடு நகரில், கடற்கரையை ஒட்டி 1981-இல் கட்டிய 12 மாடிக் குடியிருப்பு ஒன்றின் பெரும்பகுதி 2021 ஜூன் 24-ஆம் நாள் விடியுமுன் இடிந்து வீழ்ந்தது. 98 பேர் மாண்டனர். அதன் நீச்சல் குளத்தைச் சூழ்ந்திருந்த திறந்த தளம் வாட்டமின்றிச் சமமாக அமைக்கப்பட்டிருந்தது. நீர் வடியாமல் நின்று ஆவியாகும்வரை அங்கேயே கிடந்தது. கீழுள்ள கற்காரை பழுதுபட்டு வந்தது. இவற்றை 2018-இலேயே பொறியாளர் ஒருவர் அறிக்கையாக எழுதிக் கொடுத்திருந்தார். இடிவிற்கு அஃது ஒன்றே காரணம் என்று சொல்லலாகாது. கட்டடத்தில் வேறு குறைகளும் இருந்தன. ஆனால் பழுது பார்க்கும் செலவை யார் யார் எவ்வளவு ஏற்பது என்று குடியிருப்போரிடையே மூன்றாண்டுகள் பேச்சு நடந்தது; பெரும் பழுதுபார்ப்பு தொடங்குமுன் கட்டடமே போய்விட்டது.

நண்பர்களே, மாணவராகிய உங்களால் ஆகக்கூடியதும் இதில் உண்டு. ஆசிரியரின் அனுமதியோடும் துணையோடும் உங்கள் பள்ளியின் மொட்டை மாடிக்குச் செல்லுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கூரையாயின் ஏறவேண்டா. மழை நின்ற மறுநாள், நீர் தேங்கியிருக்கும் இடத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். அளவுகோலால் ஆழத்தைப் பாருங்கள். பரப்பையும் ஆழத்தையும் பெருக்கினால் எத்தனை லிட்டர் என்பது வந்துவிடும். இரண்டு நாள் கழித்தும் நீர் நின்றால் அங்கே வாட்டம் கெட்டிருக்கிறது. ஒரு வாரம் பத்து நாள் நிற்குமாயின் டெங்குக் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறப்பதற்கு அதுவே போதும். குழாய் வாயருகே அரசங்கன்று முளைத்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்று விரலளவு வேர், நாளைக்குச் சுவரைப் பிளக்கும். எழுதிய தாளைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். மாடியிலிருந்தவாறே எட்டும் வாயைத் துப்புரவு செய்வது எளிது. வெளிச்சுவரில் தொங்கும் குழாயைச் சரிசெய்வது இடுப்பில் கயிறு கட்டிய தொழிலாளியின் வேலை. கயிறின்றி ஒருவரைச் சன்னல் மழைத்தடுப்பின்மேல் இறக்கிவிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அது நிற்கவேண்டும்.

புதிதாகக் கட்டுவோருக்கும் பழையதைப் பழுதுபார்ப்போருக்கும் ஒரு சொல். கைப்பிடிச் சுவரில், தளத்திற்கு நான்கு விரற்கடை மேலே, அகன்றதொரு துளை விடச் சொல்லுங்கள். நம் கோயில் மண்டபங்களின் மேல் விளிம்பிலிருந்து கல் தூம்புகள் வெளியே நீண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள், அதே ஏற்பாடு. குழாய் வாய் அடைபட்டால் நீர் மேலும் ஏறாமல் அத்துளை வழியே தெருவில் கொட்டும். தெருவில் போகிறவர் நனைந்து, அண்ணாந்து பார்த்து, உரத்த குரலில் ஏதேனும் சொல்வார். அதைவிடச் சிறந்த எச்சரிக்கைக் கருவி இதுவரை எனக்குத் தென்படவில்லை.

கடைசியாக, குழாயின் மறுமுனை. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் பல இடங்களில் கூரைக்குழாய் தெருவுக்கு வராமல், கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய ஒரு குழிக்குள் இறங்குகிறது. நிலத்தடி நீருக்கு அஃது பெரு நன்மை. ஆனால் கூரைப் புழுதியெல்லாம் அந்த மணலில் படிந்து, சில ஆண்டுகளில் களிமண் தட்டுப்போல் இறுகிவிடுகிறது. அப்போது குழிதான் அடைப்பு. நீர் குழாய் வழியே மேலேறிக் கூரை வரை நிற்கும். மேலே எவ்வளவு பெருக்கினாலும் பயனிராது. குழியின் மூடியைத் திறந்து ஒரு வாளி நீரை ஊற்றினால் தெரிந்துவிடும்: உடனே உறிஞ்சினால் நலம், குளம்போல் நின்றால் மேல் மணலை அரையடி அள்ளிவிட்டுப் புதுமணல் இடவேண்டும். கூழாங்கற்களை வெளியே எடுத்துக் கழுவி, மறுபடியும் போடலாம். பங்குனி வெயிலில் இதைச் செய்தால் கற்கள் ஒரே நாளில் காய்ந்துவிடும்.